ஆடு சுற்றுகிறதா, பின்னங்கால் இழுக்கிறதா? வன்னிப் பட்டிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு காட்சியும் புதிதல்ல. நேற்று மாலை வயிறு நிரம்ப மேய்ந்து பட்டிக்கு வந்த மறி, இன்று காலை பின்னங்காலை ஊன்ற முடியாமல் கிடக்கிறது. அல்லது சில கிழமைகளாக ஒரு கிடாய்க்குட்டி மந்தையை விட்டு விலகி, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. வாதம் என்பார் ஒருவர், பாம்பு தீண்டியது என்பார் இன்னொருவர், கண்ணூறு என்பார் வேறொருவர். இடுப்பில் குறி சுட்டு, எண்ணெய் பூசி, இரண்டு மூன்று நாளைக் கடத்திவிட்டுத்தான் வைத்தியரைத் தேடுவார்கள். காப்பாற்றக்கூடிய ஆடுகள் போவது அந்த இரண்டு மூன்று நாட்களில்தான்.

இந்த இரண்டு காட்சிக்கும் பின்னால் அனேகமாக இரண்டு புழுக்கள் இருக்கும். ஒன்று மாட்டுப் புழு. நுளம்பு வழியாக வந்து ஆட்டின் முதுகுத்தண்டு நரம்பிலும் மூளையிலும் அலைவது. மற்றது நாயின் நாடாப்புழு. புல்லோடு முட்டையாக உள்ளே போய், ஆட்டின் மூளையில் நீர்ப்பையாக வளர்வது. இரண்டின் வளர்ந்த புழுவும் ஆட்டில் வாழ்வதில்லை. அதனால் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் அடுத்த மாரியிலும் வரும், அதற்கடுத்த மாரியிலும் வரும். மாட்டையும் நுளம்பையும் நாயையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது நிற்கும். கீழே அறிகுறியை வைத்துப் போகும் வழியைச் சொல்கிறேன். வெள்ளாட்டுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

தொடுவதற்கு முன்: விசராக இருக்குமா?

நடை தடுமாறும் எந்த ஆட்டையும் பார்த்தவுடன் வாயைத் திறந்து கையை விடாதீர்கள். விசர் நோய் ஆட்டுக்கும் வரும். நாய் மட்டுமல்ல, நரியும் கீரியும் கடித்தாலும் வரும். பின்னங்கால் வலுவிழப்பதில்தான் சில ஆடுகளில் அது தொடங்கும். அப்போது புழு நோய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

குரல் மாறிக் கரகரவென்று விடாமல் கத்துவது, எச்சில் ஒழுகுவது, தண்ணீரையும் தீனியையும் விழுங்க முடியாமல் நிற்பது, வழக்கத்துக்கு மாறாக முட்ட வருவது, மற்ற ஆடுகள் மேல் ஓயாமல் ஏறுவது, நாளுக்கு நாள் வேகமாக மோசமாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியே கட்டி வைத்துவிட்டு மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். வாயால் மருந்து பருக்க வேண்டாம். பாலைக் குடிக்க வேண்டாம். 'எப்படியும் சாகப் போகிறது' என்று வெட்டிப் பங்கு போடவே வேண்டாம். எச்சில் கையிலோ காயத்திலோ பட்டிருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். மனிதருக்கு இந்த நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அனேகமாக முடியாத காரியம். ஆட்டை விட ஆள் பெரிது.

முதல் ஐந்து நிமிடம்

விசர் என்று சந்தேகிக்க ஒன்றும் இல்லையா? சரி, கையுறை போட்டுக்கொண்டு பார்க்கலாம். கையுறை இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொள்ளலாம்.

முதலில் காய்ச்சல். செம்மறியின் சாதாரண உடல் வெப்பம் 38.5 முதல் 39.5 பாகை செல்சியஸ் வரை. வெயிலில் மேய்ந்து வந்த ஆட்டில் 40 வரை காட்டலாம். அதனால் நிழலில் சற்று நேரம் விட்டுவிட்டு ஆசனவாயில் அளக்க வேண்டும். வெப்பமானி ஒன்றைப் பட்டிக்கென்று வாங்கி வைத்திருப்பது வீண் செலவல்ல. புழு மூளைக்கு ஏறிய ஆட்டுக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. காய்ச்சல் இருந்தால் வேறு பக்கம் தேட வேண்டும்.

அடுத்து கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி; வெள்ளைத் தாள் போல இருந்தால் அது இரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவின் வேலை.

பிறகு ஒரு பிடி குழையை முன்னால் நீட்டுங்கள். ஆவலாகத் தின்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா? இரண்டு கண்ணுக்கும் முன்னால் தனித்தனியே விரலை மெல்லக் கொண்டுபோங்கள். காற்றுப் படாமல், மயிரைத் தொடாமல். ஒரு கண் மட்டும் இமைக்காவிட்டால் எந்தக் கண் என்று எழுதி வையுங்கள். காது இரண்டும் ஒரே மாதிரி நிமிர்ந்திருக்கின்றனவா, உதடு ஒரு பக்கம் தொங்குகிறதா, தீனி கன்னத்தில் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகக் கால். ஒவ்வொரு காலாகக் குளம்பை மடித்து, குளம்பின் முன்புறம் நிலத்தில் படும்படி வையுங்கள். நல்ல ஆடு உடனே காலைத் திருப்பி ஊன்றும். நரம்பு பழுதான ஆடு அப்படியே மடிந்த குளம்பில் நிற்கும். குளம்புக்கு நடுவே கிள்ளினால் காலை இழுக்கிறதா என்பதும் முக்கியம். இழுத்தால் நம்பிக்கை அதிகம்.

இவ்வளவையும் தொலைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்து வைத்துக்கொண்டால் மிருக வைத்தியருக்கு அது பெரிய உதவி. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ உள்ளே இருக்கும் ஒரு பட்டிக்கு அவர் வந்து சேர நேரமாகும். நீங்கள் ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், பயத்தில் அது காட்டும் நடை வேறாக இருக்கும்.

பின்னங்கால் இழுக்கிறது, ஆனால் தின்கிறது, காய்ச்சல் இல்லை, கண் தெளிவு

வன்னியில் மாரி காலத்தில் இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது செட்டாரியா டிஜிடாட்டா என்ற மாட்டுப் புழுவைத்தான்.

இந்தப் புழு மாட்டின் வயிற்றுக் குழியில், குடலுக்கு வெளியே வாழ்கிறது. மாடு வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: குடலைச் சுற்றி வெள்ளை நூல் மாதிரி, விரல் நீளத்துக்குச் சில புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். மாட்டுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அதன் குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் மிதக்கும். நுளம்பு மாட்டைக் குடிக்கும்போது அவை நுளம்புக்குள் போய், ஏறக்குறைய இரண்டு கிழமையில் அடுத்த விலங்குக்குத் தொற்றும் பருவத்தை அடைகின்றன. அந்த நுளம்பு இன்னொரு மாட்டைக் கடித்தால் புழு வழி தெரிந்து வயிற்றுக் குழிக்குப் போய்விடும். செம்மறியையோ வெள்ளாட்டையோ குதிரையையோ கடித்தால், பழக்கமில்லாத உடம்பில் அலைந்து முதுகுத்தண்டு நரம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் புகும். புழு போன தடமெல்லாம் நரம்பு கிழியும். நோயின் முழுக் கதையும் அந்தக் கிழிந்த தடம்தான்.

இது இலங்கைக்குப் புதிய நோயல்ல. 1952 இல் இன்னெஸ், ஷோஹோ, பிள்ளை ஆகிய மூவர் பிரித்தானிய மிருக வைத்திய இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையிலேயே யப்பானோடும் இந்தியாவோடும் இலங்கையின் பெயரும் இருக்கிறது. அத்தனை காலமாகத் தெரிந்த நோயை இன்னும் வாதம் என்று சொல்லிக் குறி சுட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேதனை தருகிறது.

அடையாளங்கள் இப்படி இருக்கும். திடீரென்று வரும், சில வேளை ஒரே இரவில். இரண்டு பின்னங்காலும் ஒரே அளவில் பழுதாவதில்லை. ஒன்று கூட, ஒன்று குறைய. நடக்கும்போது இடுப்பு ஆடும், திரும்பும்போது சரியும், குளம்பின் முன்புறம் நிலத்தில் தேய்ந்து புண்ணாகும். சிலது நாய் உட்காருவது போல முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தைத் தரையில் வைத்திருக்கும். புழு மேலே போயிருந்தால் முன்னங்காலும் தளரும், கழுத்து ஒரு பக்கம் வளையும், கண்மணி ஆடும். ஆனால் மனம் தெளிவாக இருக்கும். குழை கொடுத்தால் கிடந்தபடியே தின்னும்.

மலத்தைச் சோதித்தால் இந்தப் புழு தெரியாது, ஏனென்றால் அது குடலில் இல்லை. ஆட்டின் இரத்தத்திலும் குஞ்சுகள் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆட்டில் புழு முதிர்வது அரிது. ஆகவே 'பரிசோதனையில் ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம். காலம், நடை, பக்கத்தில் மாடு இருப்பது, காய்ச்சல் இல்லாதது, இவற்றைக் கூட்டித்தான் வைத்தியர் முடிவெடுப்பார்.

செய்ய வேண்டியது: அன்றைக்கே வைத்தியர். வழக்கமாக ஐவர்மெக்டினைத் தோலுக்குக் கீழே போடுவார்கள். பொதுவான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். நூற்றுக்கு ஒரு வீத மருந்தென்றால் 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லிலீற்றர்தான் வரும். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், ஐந்து மில்லிலீற்றர் ஏற்றினால் பத்து மடங்கு வேகமாக எழும்பும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. கூடிய அளவு மூளையையே மழுங்கடிக்கும். நரம்பு வீக்கத்தைத் தணிக்க வேறு ஊசியும் வைத்தியர் சேர்க்கக்கூடும். அதனால் ஆடு சினையாக இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த வகை மருந்துகளில் சில சினையைக் கலைக்கும். மருந்து ஏற்றிய ஆட்டின் இறைச்சியையும் பாலையும், போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் முடியும் வரை தொடக்கூடாது.

மருந்து புழுவைக் கொல்லும். கிழிந்த நரம்பைத் தைக்காது. தள்ளாடத் தொடங்கிய முதல் நாள், இரண்டாம் நாளில் மருந்து பட்ட ஆடு நடந்துவிட வாய்ப்பு நன்றாக உண்டு. ஒரு கிழமை கிடந்த ஆட்டுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தேறிய ஆட்டிலும் சிறு தள்ளாட்டம் நிரந்தரமாக நிற்கலாம். மறியென்றால் அதோடு குட்டி ஈன்று வளர்க்கும். கிடாயென்றால் மறி மேல் ஏறுவதற்குச் சிரமப்படும்.

பின்னங்கால் இழுக்கிறது, ஆனால் மேலே சொன்னபடி இல்லை

இமை வெளுத்து, தாடைக்குக் கீழ் நீர் கட்டித் தொங்கினால் வயிற்றுப் புழுவால் வந்த இரத்தச் சோகை. அது நரம்பு நோயல்ல, நிற்கத் தெம்பில்லாமைதான். ஆனால் உயிரை எடுக்கும். ஈனுவதற்குக் கொஞ்ச நாளே இருக்கும் இரட்டைக் குட்டிச் சினை மறி, தீனியை வெறுத்து, மந்தமாகி, வாயில் ஒரு இனிப்பு வாடை வீசினால் சினை நஞ்சேற்றம். பிறந்து சில கிழமையான குட்டிகள் மட்டும் பின்பக்கம் தள்ளாடினால் தாய்க்குச் செப்புச் சத்துக் குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் தொப்புள் வழியாக வந்த கிருமி.

ஒரே நேரத்தில் பல ஆடு விழுந்தால் புழுவை மறந்துவிடுங்கள். புழு ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கும். வயலுக்கு மருந்து அடித்த வரம்பில் மேய்ந்தனவா? வாயில் நுரை, தசை துடிப்பு, கண்மணி சுருங்கிக் கிடப்பது, கழிச்சல் என்றால் பூச்சிகொல்லி. மரவள்ளி இலையைத் தின்று மூச்சு இரைத்து விழுந்தால் அது வேறு நஞ்சு. இரண்டும் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டியவை.

ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடுகிறது

இதுதான் நாய் வழியாக வருவது. டீனியா மல்டிசெப்ஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் இருக்கும், நரியிலும் இருக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு புல்லில் விழும். செம்மறி நிலத்தோடு ஒட்டி மேய்கிற பிராணி, அதனால் முட்டை அதன் வாய்க்குள் இலேசாகப் போகும். குடலில் பொரித்த குஞ்சு இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய், அங்கே நீர் நிறைந்த மெல்லிய பையாக வளரும். பைக்குள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவை ஒவ்வொன்றும் ஒரு புழுத்தலை. ஒரே பையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பை உள்ள ஆட்டுத் தலையை இன்னொரு நாய் தின்றால், ஏறக்குறைய ஆறு கிழமையில் அதன் குடலில் புழுக்கள் முதிர்ந்து முட்டை போடத் தொடங்கும். ஒரு பையைத் தின்ற நாய் ஒரு மேய்ச்சல் தரையையே கெடுக்கப் போதும்.

பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையான ஆடுகளில்தான் காண்பீர்கள். முட்டையை விழுங்கிய சில கிழமைக்குள் குஞ்சுகள் மூளைக்குள் ஊர்ந்து செல்லும்போது சில குட்டிகளுக்குத் திடீரென்று காய்ச்சலும் வலிப்பும் வந்து செத்தும் போகும். பலது ஒன்றும் காட்டாமல் தப்பும். பிறகு மாதங்கள் அமைதி. பை பெருத்து மூளையை நெருக்கத் தொடங்கியதும் ஆடு மந்தையில் பின்தங்கும், தனியே நிற்கும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், பிறகு சுற்றும். அனேகமாகப் பை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகச் சுற்றும். எதிர்ப்பக்கத்துக் கண்தான் பார்வை இழக்கும். விரலை நீட்டிப் பார்த்து எழுதச் சொன்னது இதற்குத்தான். பை சிறுமூளையில் இருந்தால் சுற்றாது. காலை உயரத் தூக்கி வைத்து, அகல நின்று, தடுமாறும்.

இளம் ஆடுகள் சிலவற்றில், நாள் செல்லச் செல்ல பைக்கு மேலேயுள்ள மண்டையோடு மெலிந்து, கொம்படிக்குப் பக்கத்தில் பெருவிரலால் மெல்லத் தடவினால் இளகித் தெரியும். அழுத்தாதீர்கள். இளகல் தெரியவில்லை என்பதற்காகப் பை இல்லை என்றும் ஆகாது.

மருந்தைப் பற்றி நேரே சொல்கிறேன். முற்றிய பைக்கு ஊசியோ குளிசையோ நம்பத்தக்க வழியல்ல. மண்டையோட்டில் சிறு துளையிட்டுப் பையை வெளியே எடுப்பதுதான் நல்ல சிகிச்சை. தேர்ந்த கையில் செய்தால் பல ஆடுகள் முழுதாகத் தேறுகின்றன. ஆனால் வன்னியில் ஒரு சாதாரண மறிக்கு அந்தச் செலவும் பயணமும் கட்டுபடியாகாது. நல்ல இனக் கிடாய் என்றால் வைத்தியரோடு பேசி, பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கலாம். மற்றவற்றுக்கு என் தீர்ப்பு: தின்ன முடியாத நிலைக்குப் போகவிட்டு வதைக்காமல், வைத்தியரின் ஆலோசனையோடு முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் தலை நாய்க்குப் போகக் கூடாது.

ஊரில் கத்தியால் கீறி, ஊசியால் குத்தி நீரை எடுக்க முயல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். உள்ளே கிருமி புகுந்து, ஆடு வலிப்பில் சாகும்.

திடீரென்று சுற்றுகிறது, ஒரு காது தொங்குகிறது

ஒரு பக்கக் காதும் இமையும் உதடும் தொங்கி, எச்சில் ஒழுகி, காய்ச்சலும் இருந்தால் இது லிஸ்டீரியா என்ற பக்டீரியா. கெட்டுப்போன ஊறுபுல்லும் பூஞ்சணம் பிடித்த தீனியும் காரணமாகலாம். புழு மருந்து இதற்கு உதவாது. நுண்ணுயிர்க்கொல்லி உடனே, பெரிய அளவில், வைத்தியர் கையால் ஏற வேண்டும். தலை மட்டும் சாய்ந்து, காதில் நாற்றமும் சீழும் இருந்தால் காதுப் புண், அதுவும் பக்டீரியாதான்.

வானம் பார்க்கிறது, சுவரில் முட்டுகிறது, இரண்டு கண்ணும் தெரியவில்லை

அறுவடை முடிந்த களத்தில் புகுந்து நெல் தின்றதா, கலியாண வீட்டுச் சோறும் பாணும் கொட்டினீர்களா என்று முதலில் யோசியுங்கள். தீனி திடீரென்று மாறினால் இரைப்பை குழம்பி விற்றமின் பி1 குறையும், மூளை வீங்கும். முற்றாத நிலையில் பி1 ஊசி போட்டால் ஒரு நாளைக்குள்ளேயே ஆடு தேறத் தொடங்கும். தேறினால் அதுவே நோயின் பெயரையும் சொல்லிவிடும். கொழுத்த குட்டிகள் வலித்துச் சடசடவென்று சாகின்றன என்றால் குடல் நஞ்சு நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள்.

தும்முகிறது, மூக்கைத் தரையில் தேய்க்கிறது, தலையை உதறுகிறது

இதைச் 'சுற்று நோய்' என்று தவறாக நினைப்பவர்கள் அதிகம். மூக்கு ஈ ஒன்று இருக்கிறது. அது முட்டை இடுவதில்லை, உயிருள்ள குஞ்சுகளை ஆட்டின் மூக்குத் துவாரத்தில் தெறித்துவிட்டுப் போகும். குஞ்சுகள் மூக்கின் உள் அறைகளில் ஊர்ந்து வளர்ந்து, இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்குக் கொழுத்த பிறகு தும்மலோடு வெளியே விழும். வெயில் நேரத்தில் மந்தை முழுதும் தலைகளை நடுவில் ஒட்டி வைத்து, மூக்கை ஒன்றின் கீழ் ஒன்று புதைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈக்குப் பயந்து நிற்கும் நிலைதான் அது.

தடித்த சளி, சில வேளை இரத்தக் கீறலோடு, பெரும்பாலும் ஒரு மூக்குத் துவாரத்தில் கூடுதலாக வரும். தலையைச் சாய்த்துத் தடுமாறவும் செய்யும். குஞ்சு எலும்பை அரித்து மூளைக்கே போவது மிக அரிது. ஐவர்மெக்டின் இதற்கு நன்றாகக் கேட்கும். சளி இருக்கிறது, பார்வை இருக்கிறது, கால் மடிப்புச் சோதனை சரி என்றால் பதற வேண்டியதில்லை.

மறிகளுக்குச் சினை கலைகிறது, குட்டி வலுவில்லாமல் பிறக்கிறது

பூனை மலத்தோடு வரும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் ஆட்டின் மூளையில் தங்கும். ஆனால் வளர்ந்த ஆட்டில் நடைக் கோளாறாக அது காட்டுவது அரிது. சினை கலைவதில்தான் தெரியும். தீனிச் சாக்கின் மேல் பூனை குட்டி போட விடாதீர்கள். கலைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கர்ப்பிணிப் பெண்கள் தொடவே கூடாது. அவர்கள் வயிற்றுப் பிள்ளைக்கு அது ஆபத்து.

விழுந்த ஆட்டைப் பராமரித்தல்

செட்டாரியாவில் ஆட்டைக் காப்பாற்றுவதில் பாதி ஊசி, பாதி வீட்டுப் பராமரிப்பு. பக்கவாட்டில் சரிந்து கிடந்தால் வயிறு ஊதி மூச்சு முட்டும். நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வைக்கோல் நிறைத்த சாக்கை அண்டை கொடுங்கள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பக்கம் மாற்றுங்கள். படுக்கை தடிப்பாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். மூத்திரத்தில் ஊறிய இடத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். தினமும் கழுவித் துடைத்துப் பாருங்கள். தண்ணீரை வாய்க்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பருக்க வேண்டாம். நாளைக்கு இரண்டு மூன்று தடவை வயிற்றுக்குக் கீழே ஒரு சாக்கைக் கொடுத்து இரண்டு பேர் தூக்கி நிறுத்துங்கள். காலை நீட்டி மடக்கிவிடுங்கள். பூவரசும் கிளிசரியாவும் கையில் கொடுத்தால் சந்தோசமாகத் தின்னும். மற்ற ஆடுகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். செம்மறி தனிமையில் ஏங்கித் தீனியை விட்டுவிடும்.

இரண்டு கிழமையாகியும் கிள்ளலுக்குக் காலை இழுக்கவில்லை, படுக்கைப் புண் பெருகுகிறது என்றால் அதற்கு மேல் வைத்திருப்பது ஆட்டுக்கு வேதனை.

செத்துவிட்டது, காரணம் தெரியவில்லை

விசர் சந்தேகம் எள்ளளவு இருந்தாலும் தலையை நீங்களே வெட்ட வேண்டாம், வைத்தியருக்குச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பரிசோதனைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அவர் செய்வார். கால்நடை நோய்களுக்கான ஆராய்ச்சி நிறுவகம் கன்னொருவையில் இருக்கிறது. சுற்றிய ஆடு என்றால் வைத்தியர் மண்டையைத் திறந்தவுடன் பை கண்ணுக்கே தெரியும். செட்டாரியா அப்படித் தெரியாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிழிந்த தடம்தான் கிடைக்கும். பெயர் தெரிந்தால் மீதி மந்தைக்கு என்ன செய்வது என்று தெரியும். ஒரு ஆட்டை இழந்ததிலும் அந்தப் பயனாவது கிடைக்கட்டும்.

மீதி மந்தைக்கு

காலபோக விதைப்பு தொடங்கியதும் வயலெல்லாம் அடைபடும். மாடும் எருமையும் செம்மறியும் காட்டோர மேட்டிலும் குளத்து அலைகரையிலும் ஒன்றாக நெருங்கி நிற்கும். அதே ஐப்பசி கார்த்திகையில்தான் மழையும் நுளம்பும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எந்தக் குளத்தைச் சுற்றியும் இதே நிலைதான். நுளம்பு மாட்டைக் குடித்துவிட்டு ஆட்டுக்கு வர இதை விட வசதி வேண்டாம். மேய்ச்சலை மாற்ற முடியாவிட்டாலும் இரவை மாற்றலாம்: ஆட்டுக் கொட்டிலை மாட்டுப் பட்டியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள், உயரமான தரையில், காற்றோட்டமாக. பொழுது படும்போது வேப்பிலைப் புகை போடுங்கள். கொட்டிலைச் சுற்றியுள்ள குளம்படிப் பள்ளம், உடைந்த தொட்டி, பழைய ரயர், மூத்திரம் தேங்கும் குழி எல்லாவற்றையும் நிரப்புங்கள் அல்லது கவிழ்த்துவிடுங்கள். சில கிடாய்களே இருந்தால் நுளம்பு வலை கட்டுவதும் முடியாத காரியமல்ல.

மாரி முழுதும் மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் ஐவர்மெக்டின் போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புழு நரம்புக்குள் போகுமுன் அது கொல்லும், உண்மைதான். ஆனால் அதே மருந்துக்கு வயிற்றுப் புழுக்கள் பழகிவிட்டால் பிறகு இரத்தச் சோகைக்கு எதைக் கொடுப்பது? முன் மாரியில் நோய் கண்ட பட்டியில், இனக் கிடாய்க்கும் நல்ல மறிகளுக்கும் மட்டும், வைத்தியர் சொல்லும் இடைவெளியில் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நாய் விடயம் இதை விட இலகு, செலவும் குறைவு. பட்டி நாய்க்குப் பிரசிகுவான்டெல் சேர்ந்த குளிசை, ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், ஆறு கிழமைக்கொரு தடவை. சாதாரணப் பூச்சிக் குளிசை எல்லாம் நாடாப்புழுவைக் கொல்லாது, பெயரைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டி வைத்து, மலத்தை அள்ளிப் புதையுங்கள். விசர்த் தடுப்பூசியையும் அதே கையோடு போட்டுவிடுங்கள்.

தீபாவளிக்குப் பங்கு ஆடு வெட்டும்போது நல்ல ஆட்டின் தலை கறிக்குப் போய்விடும். அதனால் தொல்லை இல்லை. சுற்றிச் செத்த ஆட்டின் தலையைத்தான் யாரும் தொடாமல் வேலிக்கு வெளியே வீசுவார்கள், தெரு நாயும் நரியும் இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒரு தலையில்தான் அடுத்த வருடத்து நோய் முழுதும் இருக்கிறது. நாய் தோண்ட முடியாத ஆழத்தில், மேலே கல்லோ முள்ளோ போட்டுப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். பக்கத்துப் பட்டிக்காரர்களிடமும் பேசுங்கள். மேய்ச்சல் தரை ஒன்றாக இருக்கும்போது ஒருவருடைய நாய்க்கு மட்டும் குளிசை கொடுத்துப் பலன் குறைவு. நாய் மலம் பட்ட கையோடு சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இந்த முட்டை அரிதாகத் தொற்றும் என்பதையும் சொல்லுங்கள். ஆட்டுக்காக அசையாதவர்கள் பிள்ளைக்காக அசைவார்கள்.